கட்டுமரக்காரரும் வாட்டர் ஸ்கூட்டரும்: நம் கடற்கரையின் உயிர்காப்பு வரலாறு



ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் குடியிருப்பிலிருந்து எத்தனை கார்கள் கடற்கரைக்குக் கிளம்புகின்றன என்பது கேட்டில் இருக்கும் செக்யூரிட்டிக்குத்தான் சரியாகத் தெரியும். சிங்கப்பெருமாள் கோயிலில் இருப்பவர்களுக்கு இது ஒரு வசதி. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மாமல்லபுரம். கொஞ்சம் வடக்கே போனால் கோவளம், தெற்கே போனால் சதுரங்கப்பட்டினம். குழந்தைகள் அலையில் குதிக்கும், பெரியவர்கள் கால் நனைப்பார்கள், மதியச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்பிவிடலாம்.

அதே கடற்கரையைப் பற்றி இன்னொரு வகைச் செய்தியும் நாளிதழில் அடிக்கடி வருகிறது. ‘ராட்சத அலையில் சிக்கி மாணவர் பலி’ என்று தலைப்பு இருக்கும். நண்பர்களோடு குளிக்க வந்தார், அலை இழுத்துச் சென்றது, மீனவர்களும் தீயணைப்புத் துறையினரும் தேடினார்கள், மறுநாள் உடல் கரை ஒதுங்கியது என்று செய்தி முடியும். நீங்களும் படித்திருப்பீர்கள். படித்துவிட்டு, “வெளிநாட்டில் மாதிரி நாலு ஜெட் ஸ்கீ வாங்கி நிறுத்தினால் என்ன?” என்று கேட்டும் இருப்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல, வண்டியைப் பற்றித் தெரிந்தால் மட்டும் போதாது. கடலில் விழுந்தவரை உயிரோடு மீட்பது யாருடைய வேலை, அந்த வேலைக்கு ஆள் எப்படித் தயாரானார் என்ற வரலாறும் தெரிய வேண்டும். அந்த வரலாற்றின் முதல் பக்கங்களில் ஒன்று நம் சோழமண்டலக் கரையிலேயே எழுதப்பட்டது என்பதுதான் இதில் சுவையான செய்தி.

துறைமுகம் இல்லாத சென்னைப்பட்டினம்

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் இடம் பெற்றார்கள். அதிலிருந்து 1861இல் இரும்புத் தூண்கள் மேல் கடற்பாலம் அமையும் வரை, இரு நூற்றாண்டுகளுக்கு மேல், சென்னைக்குத் துறைமுகம் என்று ஒன்று கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் சிறு படகில் ஏறிக் கரைக்கு வர வேண்டும். நடுவில் அடுத்தடுத்து உடையும் அலைகள். நம் கரை நேர்கோடாகக் கிடப்பதால் அலையைத் தடுக்க வளைகுடாவோ தீவோ இல்லை. கப்பலில் ஆறு மாதம் பயணம் செய்து பிழைத்தவர் இந்தக் கடைசிச் சில நூறு கெஜத்தில் உயிரை விட்டதும் உண்டு.

அந்த அலையைத் தாண்ட வெள்ளைக்காரர்களின் படகுகள் பயன்படவில்லை. ஆணி அடித்த பலகைப் படகு, தரை தட்டிய வேகத்தில் பிளந்துவிடும். நம் ஊர்ப் படகோ ஆணியே இல்லாதது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் அது வளைந்து கொடுக்கும். ஆங்கிலேயர் இதை மசூலா படகு என்றார்கள். நம்மவர்கள் சலங்கு என்றும் அழைத்தார்கள். கம்பெனியின் கவர்னர் ஆனாலும் அந்தத் தைத்த படகில்தான் கரை இறங்க வேண்டும்.

வளைந்து கொடுத்தாலும் சில நாள் அது கவிழும். அதற்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. மசூலா படகு ஆட்களை ஏற்றிக்கொண்டு அலைக்குள் நுழையும்போது அதன் கூடவே ஒன்றிரண்டு கட்டுமரங்கள் போகும். படகு கவிழ்ந்தால் தண்ணீரில் விழுந்தவர்களை அள்ளி எடுப்பது கட்டுமரக்காரர் பொறுப்பு. அப்படி உயிர் காத்தவர்களுக்கு அரசாங்கம் பதக்கம் கொடுத்தது என்று அக்கால ஆங்கில நூல்கள் சொல்கின்றன. அலை மிகவும் மோசமான நாளில் கடற்கரை அலுவலகத்தில் கொடி ஏற்றி, யாரும் படகில் இறங்கக் கூடாது என்று எச்சரிப்பார்கள். அன்றைக்கும் கடிதம் கொண்டு போகக் கட்டுமரக்காரர் மட்டும் கப்பலுக்குப் போவார். கடிதம் நனையாமல் இருக்கத் தலைக் குல்லாய்க்குள் வைத்துக்கொள்வார்.

எச்சரிக்கைக் கொடி, பக்கத்திலேயே தயாராக ஒரு சிறு கலம், அதை ஓட்டத் தெரிந்த ஆள், அவருக்கு ஊதியம், செய்த வேலைக்கு வெகுமதி. ஒரு நவீன உயிர்காப்புச் சேவைக்கு என்னென்ன வேண்டுமோ அவ்வளவும் இதில் இருக்கின்றன. காக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் கப்பல் பயணிகள், குளிக்க வந்தவர்கள் அல்ல என்பதுதான் வேறுபாடு.

கட்டுமரம் ஏன் மூழ்காது?

கட்டுமரத்தை இன்றைய பிள்ளைகள் படத்தில்தான் பார்க்கிறார்கள். மிதக்கும் தன்மையுள்ள மூன்று முதல் ஐந்து மரங்களைக் கயிற்றால் பிணைத்தது அது. அதில் தண்ணீர் புக உள்ளிடமே இல்லை. எனவே அது மூழ்காது. கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். விளிம்புச் சுவர் இல்லாததால், தண்ணீரில் கிடப்பவரைத் தூக்கி உள்ளே போட வேண்டியதில்லை. பக்கவாட்டில் இழுத்துக்கொண்டாலே போதும். ஓட்டுபவர் முழங்காலிட்டு அமர்ந்து, அலையைப் பார்த்துக்கொண்டே துடுப்புப் போடுவார்.

ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் இந்த மரங்களைக் குறிப்பிட்டிருக்கிறார். ‘கேட்டமரான்’ என்ற ஆங்கிலச் சொல் நம் ‘கட்டுமரம்’தான். இன்று உலகம் முழுவதும் அந்தச் சொல் இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகைக் குறிக்கிறது. சொல் பிழைத்துக்கொண்டது, பொருள் மாறிவிட்டது.

சென்னையில் 1875க்குப் பிறகு துறைமுக வேலை தொடங்கியது. 1881 புயலில் பெரும்பகுதி உடைந்து, திரும்பக் கட்டப்பட்டது. துறைமுகம் உருவானதும் மசூலா படகுக்கு வேலை குறைந்தது; அதன் கூடவே போன கட்டுமரக்காரரின் காவல் வேலையும் மறைந்தது. அவர் மீன்பிடிக்கத் திரும்பினார். ஆபத்தில் அவர் இன்றும் ஓடி வருகிறார். ஆனால் அது அவருடைய நல்ல மனசு. முன்பு அது அவருடைய உத்தியோகம். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிட்னிக்காரர்கள் செய்த காரியம்

மக்கள் பொழுதுபோக்காகக் கடலில் குளிக்கத் தொடங்கியபோது பிரச்சினை வேறு வடிவம் எடுத்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் போண்டி என்றொரு கடற்கரை உண்டு. அங்கே குளிக்க வந்தவர்களே 1907இல் ஓர் உயிர்காப்புச் சங்கம் அமைத்தார்கள். அரசாங்கம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. நம்மைப் போன்ற ஒரு சங்கம்தான் அது. அவர்களுடைய முதல் கருவி பெரிய கயிற்று உருளை. நீச்சல்காரர் இடுப்புப் பட்டையில் கயிறு கட்டிக்கொண்டு கடலில் பாய்வார். மூழ்குபவரைப் பிடித்ததும் கரையில் இருப்பவர்கள் இருவரையும் சேர்த்து இழுப்பார்கள்.

கருவி எளிமையானது. அதை யார் எப்படிப் பிடிப்பது, கயிற்றை எப்படி விடுவது என்பதற்குக் கடுமையான ஒத்திகை வைத்தார்கள். 1910இல் வெண்கலப் பதக்கத் தேர்வு வந்தது. தேறியவர்தான் காவலுக்கு நிற்கலாம். பின்னர், தேறியவரும் ஆண்டுதோறும் தம் திறமையைத் திரும்பக் காட்ட வேண்டும் என்ற வழக்கமும் ஏற்பட்டது.

1938 பிப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை. போண்டியில் அடுத்தடுத்து வந்த பெரிய அலைகள் கரைக்குத் திரும்பும் வேகத்தில் நூற்றுக்கணக்கானோரை ஆழத்துக்கு இழுத்துச் சென்றன. அந்த நேரத்தில் சங்கத்தின் உயிர்காப்பாளர்கள் பெரும் எண்ணிக்கையில் கரையில் இருந்தார்கள். சுமார் 250 பேரை மீட்டார்கள். 5 பேர் இறந்தார்கள். அந்த நாளைக் ‘கறுப்பு ஞாயிறு’ என்று இன்றும் நினைவுகூர்கிறார்கள். ஒத்திகை பார்த்த ஆட்கள் அன்று இல்லாமல் இருந்திருந்தால் கணக்கு என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

ஹவாயில் பிறந்த யோசனை

இப்போது வண்டிக்கு வருவோம். நாம் வாட்டர் ஸ்கூட்டர் என்று சொல்வதைக் கனடாவின் பம்பார்டியர் நிறுவனம் 1968இல் சீ-டூ என்ற பெயரில் விற்றுப் பார்த்தது, அப்போது எடுபடவில்லை. 1973இல் ஜப்பானின் கவாசாகி நிறுவனம் ஜெட் ஸ்கீயைக் கொண்டு வந்தது. நகலெடுக்கும் எந்த இயந்திரத்தையும் நாம் ஜெராக்ஸ் என்பதைப் போல, எந்த நிறுவனம் செய்தாலும் இந்த வண்டிக்கு ஜெட் ஸ்கீ என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. ஆரம்பத்தில் அது நின்றுகொண்டு ஓட்டும் விளையாட்டுப் பொருள். 1980களின் பிற்பகுதியில் இரண்டு மூன்று பேர் உட்காரும் மாதிரிகள் பரவிய பிறகுதான் இன்னொருவரை ஏற்றி வரவும் இதைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்துக்கு வழி பிறந்தது.

அந்த எண்ணத்தைச் செயலாக்கியவர்கள் ஹவாய்த் தீவின் உயிர்காப்பாளர்கள். ஓவாஹு தீவின் மேற்குக் கரையில் மகாஹா என்ற ஊர். அங்கே பிரையன் கேவுலானா என்ற உயிர்காப்பாளரும் டெர்ரி ஆஹூ முதலிய தோழர்களும் 1980களின் இறுதியிலிருந்து வண்டியின் பின்னால் ஒரு மிதவைப் பலகையைக் கட்டி இழுத்துப் பரிசோதித்தார்கள். மயங்கியவரை உட்கார வைக்க முடியாது. பலகையில் படுக்க வைத்து, மேலே ஒருவர் கவிழ்ந்து பிடித்துக்கொண்டால் கொண்டு வந்துவிடலாம். பணக்காரர்களின் விளையாட்டு வண்டி என்று பெயர் வாங்கிய ஒன்றை உயிர்காக்கும் கருவியாக ஏற்கச் செய்ய, அவர்கள் செய்து காட்டித்தான் நம்ப வைக்க வேண்டியிருந்தது.

1990களின் தொடக்கத்தில் அதற்கு ஒரு சந்தர்ப்பம் வந்தது. பாறைக் கரையில் மோயி ஹோல் என்னும் கடற்குகைக்குள் ஓர் ஆளை அலை இழுத்துப் போட்டுவிட்டது. கேவுலானா வண்டியை ஓட்ட, பின் பலகையில் இன்னொரு உயிர்காப்பாளர் படுத்திருக்க, அலைக்கும் அலைக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில் உள்ளே போய் அவரை எடுத்து வந்தார்கள். அதன் பின் இந்த முறை ஹவாயில் நிலைபெற்று, அங்கிருந்து ஆஸ்திரேலியா, பிரிட்டன், பிரேசில் என்று பரவியது. 

மூழ்காத சிறு கலம், விளிம்புச் சுவர் கிடையாது, தண்ணீரில் கிடப்பவரைப் பக்கவாட்டில் இழுத்துக்கொள்ளலாம், அலையைப் படித்து ஓட்ட வேண்டும். இதையெல்லாம் கட்டுமரத்தைப் பற்றிச் சொன்னபோதே பார்த்தோம். ஹவாய்க்காரர்கள் நம்மைப் பார்த்துச் செய்யவில்லை. அதே மாதிரிக் கடல் அதே மாதிரி விடையைத் தந்திருக்கிறது. துடுப்புக்குப் பதில் மோட்டார், அவ்வளவுதான்.

மோட்டாரால் என்ன லாபம்? ஒரு சின்னக் கணக்கு. கரையிலிருந்து 200 மீட்டர் தள்ளி ஒருவர் தத்தளிக்கிறார். நல்ல நீச்சல்காரர் அலைக்குள் நொடிக்கு 1 மீட்டர் போனாலே பெரிது. 3 நிமிடத்துக்கு மேல் ஆகும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு 18 நொடி. மூச்சு நின்ற மூளை ஏறத்தாழ 4 முதல் 6 நிமிடத்தில் சேதமடையத் தொடங்கும். போக மட்டும் 3 நிமிடம், திரும்ப அதற்கு மேல் என்றால், கொண்டு வருவது உயிரையா உடலையா என்பது அந்த வித்தியாசத்தில்தான் முடிவாகிறது.

ஓட்டத் தெரிந்தால் போதாதா?

“என் பையன் முதலியார்குப்பத்தில் வாட்டர் ஸ்கூட்டர் ஓட்டியிருக்கிறான், ஆக்டிவா மாதிரிதான் இருக்கிறதாம்” என்று உங்களில் சிலர் சொல்லலாம். உப்பங்கழியின் அமைதியான நீரில், பின்னால் ஊழியர் ஒருவர் உட்கார்ந்திருக்க ஓட்டுவது வேறு. உடையும் அலையில் ஓர் உயிரை எடுக்க ஓட்டுவது வேறு.

முதல் பாடமே ஸ்கூட்டர் பழக்கத்துக்கு நேர்மாறானது. இந்த வண்டிக்கு வெளியே சுற்றும் விசிறி கிடையாது. அடியில் உள்ள துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி அடிக்கிறது. அந்தப் பீய்ச்சலைத் திருப்பினால்தான் வண்டி திரும்பும். பயத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் பீய்ச்சல் நின்றுவிடும். அதன்பின் கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் பல மாதிரிகள் நேராகவே போய் மோதும். சாலையில் ஆபத்து வந்தால் வேகத்தைக் குறைப்போம். இங்கே மோதலைத் தவிர்க்கக் கொஞ்சம் வேகம் கொடுத்துத் திருப்ப வேண்டும். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1998இல் இந்த வண்டிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்விலும் இந்தச் சிக்கல் பேசப்பட்டது. இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் போதாது. கைக்குப் பழக வேண்டும்.

இரண்டாவது பாடம், அது ஒருவர் செய்யும் வேலை அல்ல. ஓட்டுநர் ஒருவர், மீட்பு நீச்சல்காரர் ஒருவர். ஓட்டுநரின் கண் அலை மேல் இருக்க வேண்டும். நீச்சல்காரரின் கண் ஆள் மேல். ஆக்சிலரேட்டர் வலது கையில் இருப்பதால், மூழ்குபவர் இடது பக்கம் வரும்படி வண்டியைக் கொண்டு போவார்கள். அப்போதுதான் ஓட்டுநரும் இடது கையைக் கொடுக்க முடியும். இருவரும் இடம் மாறி வேலை செய்யவும் பழகியிருக்க வேண்டும். இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால் கைச் சைகைகள் ஒப்புக்கொண்டபடி இருக்க வேண்டும்.

மூன்றாவது, உறிஞ்சும் துளை. கயிறு, தலைமுடி, துணி எதுவும் அதன் அருகே போகக் கூடாது. ஆழம் குறைந்த இடத்தில் மணலை உறிஞ்சினால் இயந்திரம் கெடும். வெளிநாட்டில் குளிப்பவர் நீச்சலுடையில் இருப்பார். நம் கடற்கரையில் புடவை, துப்பட்டா, வேட்டி, ஜீன்ஸ் எல்லாவற்றோடும் கடலில் நிற்கிறார்கள். நனைந்த துணியோடு ஒருவரைப் பலகையில் ஏற்றுவதை நம் ஊர்ப் பயிற்சியில் தனியாகச் சொல்லித்தர வேண்டும்.

இன்னும் இருக்கிறது. ஓட்டுநர் விழுந்தால் இன்ஜின் தானாக நிற்க, நிறுத்துக் கயிற்றை உடலோடு கட்டிக்கொள்வது, கவிழ்ந்த வண்டியைச் சரியான பக்கமாகப் புரட்டுவது, அலைகளின் இடைவெளியை எண்ணி உள்ளே போவது, ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரால் கழுவி உப்பை எடுப்பது, கரை சேர்ந்ததும் முதலுதவி கொடுப்பது. இவ்வளவுக்கும் முன்னால், ஆள் நல்ல நீச்சல்காரராக இருக்க வேண்டும். வண்டி பழுதானால் அவர்தானே தண்ணீரில் இருப்பார்!

நம் நாட்டில்

இதைக் கற்றுத்தரும் இடம் நம் நாட்டிலேயே உண்டு. ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் 1990இல் கோவாவில் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் ஏற்படுத்தப்பட்டது. உயிர்காப்பு, விசைப்படகு ஓட்டுதல், வாட்டர் ஸ்கூட்டர் கையாளுதல் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பயிற்சிகளை அது நடத்துகிறது. கோவா அரசு 2008இல் தன் கடற்கரைகளின் உயிர்காப்பு வேலையைத் திருஷ்டி என்ற நிறுவனத்திடம் ஒப்படைத்தது. உயிர்காப்பாளர்கள் முழுநேரச் சம்பளத்தில் கரையில் நிற்கிறார்கள். ஜெட் ஸ்கீகளும் வைத்திருக்கிறார்கள். சுற்றுலாதான் அந்த மாநிலத்தின் சோறு என்பதால் இந்தச் செலவை அவர்கள் வீண் என்று எண்ணவில்லை.

கேரளத்தின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் மீனவர் பலரைப் பலி கொண்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்தில் அதே மீனவர்கள் லாரிகளில் படகுகளை ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் போனார்கள். 669 படகுகள், 4,500க்கும் மேற்பட்ட மீனவர்கள், மீட்கப்பட்டவர்கள் சுமார் 65,000 பேர் என்பது அந்த மாநில அரசு சொன்ன கணக்கு. அதோடு விடாமல், மீனவ இளைஞர்களைக் கோவா நிறுவனத்துக்கு அனுப்பிக் கடல் மீட்புப் பயிற்சி கொடுக்கும் வேலையையும் கேரள மீன்வளத் துறை செய்தது. கடலைத் தெரிந்தவருக்குக் கருவியையும் முறையையும் சேர்த்துக் கொடுப்பது என்பது அதன் பொருள். 

நம் பக்கம் 2015 வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அங்கே உறவினர் இல்லாத வீடு நம் குடியிருப்பில் குறைவு. அன்றும் சென்னைக் கடலோர மீனவர்கள் படகோடு வந்தார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வந்தார்கள்.

நம் கடற்கரையில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கோவளம் கடற்கரை 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. உயிர்காப்பு ஏற்பாடு அந்தச் சான்றின் நிபந்தனைகளில் ஒன்று. மெரினாவில் அண்மை ஆண்டுகளில் காவல் துறை உயிர்காப்புப் பிரிவை ஏற்படுத்தியிருக்கிறது. கோவளத்தில் அலைச்சறுக்குக் கற்றுத்தரும் மீனவ இளைஞர்கள் அந்த அலையைப் பிறந்ததிலிருந்து அறிந்தவர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் வந்து கட்டுமரம் குறைந்துவிட்டாலும், அதை ஓட்டியவர்களின் பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். கோவளத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே கரை நீண்டு கிடக்கிறது. மக்கள் இறங்கும் இடமோ அங்கங்கே சிதறிக் கிடக்கிறது. இடைவெளி இருப்பது அங்கேதான்.

வங்கிக்காரன் பார்வையில் ஒரு கணக்கு

முப்பது ஆண்டுகளுக்கு மேல் லெட்ஜர் எழுதியவன் என்பதால் இதை இரண்டு தலைப்பில் பிரித்துப் பார்க்கிறேன். வாட்டர் ஸ்கூட்டர் வாங்குவது மூலதனச் செலவு. பல லட்சம் ஆகும், ஆனால் ஒரு தடவைதான். தொடக்க விழா நடக்கும், புகைப்படம் வரும், சொத்துப் பதிவேட்டில் ஏறும். அதை ஓட்ட இரண்டு இரண்டு பேராக ஷிப்டு போட்டு ஆள் வைப்பது, அவர்களுக்கு மாதச் சம்பளம், பெட்ரோல், ஒத்திகை, ஆண்டுத் தேர்வு எல்லாம் நடைமுறைச் செலவு. ஒவ்வோர் ஆண்டும் வரும், விழா கிடையாது, பட்ஜெட் இறுகினால் முதலில் வெட்டு விழுவதும் இங்கேதான்.

வண்டிக்குத் தேய்மானம் போடுவோம். பயிற்சிக்கும் தேய்மானம் உண்டு, அதைத்தான் யாரும் எழுதுவதில்லை. ஆறு மாதம் பழகாத கை மறந்துவிடும். நம் மாடிப்படிகளில் தொங்கும் தீயணைப்பு சிலிண்டரைப் பாருங்கள். பின்னை இழுத்து, குழாயை நெருப்பின் அடிப்பாகத்துக்குக் காட்ட வேண்டும் என்பது நம்மில் எத்தனை பேருக்குக் கையில் பழகியிருக்கிறது? சிலிண்டர் மட்டும் ஆண்டுதோறும் நிரப்பப்படுகிறது.

பழைய சென்னையின் கட்டுமரக்காரருக்கு மூலதனச் செலவு என்பது சில மரங்களும் கயிறும்தான். அந்த ஏற்பாட்டை நடத்தியது, ஆள் அங்கே இருப்பதற்கான கூலி. இன்றைக்கு வண்டி பலமடங்கு உயர்ந்துவிட்டது. ஆள் அங்கே இருப்பதற்கான ஏற்பாடுதான் பின்தங்கியிருக்கிறது. ஆகவே, “ஜெட் ஸ்கீ வாங்குங்கள்” என்று கேட்பதை விட, “பயிற்சி பெற்ற உள்ளூர் மீனவ இளைஞர்களைச் சம்பளத்தில் நிறுத்துங்கள், அவர்களுக்கு வண்டியும் கொடுங்கள்” என்று கேட்பதே சரி என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதலாம்.

நாம் செய்யக்கூடியவை

இந்தியாவில் நீரில் மூழ்கி இறப்பவர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 38,000 பேர். நாளொன்றுக்கு நூறு பேருக்கு மேல். எல்லாம் கடலில் அல்ல. ஏரி, கிணறு, கல்குவாரிக் குட்டை என்று நம்மைச் சுற்றி இருக்கும் எந்த நீரும் இதில் சேர்த்திதான். அங்கெல்லாம் எந்த வண்டியும் வரப் போவதில்லை. எனவே சில விஷயங்களை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

கடலில் ஆளை இழுப்பது பெரும்பாலும் ராட்சத அலை அல்ல. கரைக்கு வந்த தண்ணீர் குறுகிய பாதையில் கடலுக்குத் திரும்பும் வேகம்தான். இரு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் அமைதியாகத் தெரியும் இடம் அதுவாக இருக்கலாம். குழந்தைகள் அந்த இடத்தைத்தான் விரும்புவார்கள். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைக்கக் கூடாது. மிதந்தபடி கையை உயர்த்த வேண்டும்; முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியேற வேண்டும்.

நண்பன் மூழ்குகிறான் என்று பயிற்சி இல்லாதவர் குதித்தால் ஒரு சாவு இரண்டு மூன்றாகும். மூடிய காலித் தண்ணீர் கேன், டியூப், கயிறு எதையாவது வீசுங்கள். சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108, கடலோரக் காவலுக்கு 1093.

கரை சேர்த்தவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க முயலாதீர்கள். தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுப்பதில் தொடங்கி நெஞ்சை அழுத்த வேண்டும். இதைக் கட்டுரை படித்துக் கற்க முடியாது. பொம்மையை வைத்துப் பழக வேண்டும்.

அதனால் நம் சங்கத்துக்கு இரண்டு யோசனைகளை முன்வைக்கிறேன். ஒன்று, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு ஞாயிறு நம் கம்யூனிட்டி ஹாலில் தீயணைப்பு மீட்புப் பணித் துறையினரையோ முதலுதவிப் பயிற்சியாளரையோ அழைத்து ஒத்திகை நடத்துவது. அதை ஆண்டுதோறும் நடத்துவது. வீட்டுக்கு ஒருவராவது கலந்துகொள்ள வேண்டும். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஊழியர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு, சுற்றுப்புறக் குடியிருப்புச் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டு, செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரைகளில் மக்கள் கூடும் இடங்களுக்குச் சம்பளத்துடன் கூடிய, பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர்களைக் கேட்டு மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுப்பது. ஜூலை 25ஐ நீரில் மூழ்கும் இறப்பைத் தடுக்கும் நாளாக ஐக்கிய நாடுகள் சபை 2021இல் அறிவித்திருக்கிறது. மனு கொடுக்க அது பொருத்தமான தேதி.

இந்த இரண்டையும் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி செயலாளருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். ஆதரிப்பவர்கள் கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போடுங்கள். அதுவரை கடற்கரைக்குப் போகிறவர்கள் உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். அப்படி யாரும் நிற்காத இடத்தில் மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

(கட்டுரையாளர் ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர், நம் குடியிருப்பில் வசிப்பவர்.)